நிழல் முடியும் இடம்

சாலையில் ஒன்றுமே இல்லை. இதை மங்கை பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லவேண்டி வந்தது. ஆடு இல்லை, நாய் இல்லை, ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை. நீடாமங்கலம் தாண்டி, இருபுறமும் புளியமரங்கள் அடர்ந்த சாலை. உச்சிவெயில் நேரம். மரவரிசை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் அவளுடைய வலது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது.

பின்னால் ஓர் அலறல், இரும்பு நசுங்கும் சத்தம். அவள் இறங்கி ஓடினாள். வேனின் பின்கதவில் மோதிய மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. ஓட்டிவந்தவர் சற்றுத் தள்ளிக் கிடந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வலது தொடை இருக்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது.

சிறுநீரக நோயாளிகளை ஊர் ஊராகப் போய் ஏற்றிவரும் வேன் அது. காலையில் ஏற்றியவர்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வயலில் நின்ற இரண்டு பேர் வந்து கைகொடுக்க, அடிபட்டவரை அதே வேனில் படுக்கவைத்து வந்த வழியே திரும்பினாள்.

"ஏம்மா," என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. "எதுக்கு பிரேக் போட்ட?"

"தெரியலைங்க."

"தெரியலையா? கால் உன்னுதுதானே?"

கால் அவளுடையதுதான். பழக்கம் வேறு யாருடையதோ.

தானாக ஓடும் கார்கள் நம் சாலைகளில் தோற்றுப்போன பிறகு வந்தது இந்தப் 'பதிவு'. வண்டிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாததை மனிதனுக்கே ஏற்றிவிடலாம் என்று 'இயல்பு' என்ற நிறுவனம் நினைத்தது. வாழ்நாளெல்லாம் விபத்தே இல்லாமல் ஓட்டிய ஓர் ஓட்டுநரின் கைகால் பழக்கத்தை எடுத்து, கழுத்தில் கட்டும் மெல்லிய பட்டை ஒன்றில் அடைத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். பட்டை கழுத்தில் இருக்கும்வரை கியருக்குக் கை தானே போகும், திருப்பத்தில் கால் தானே தளரும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சிவப்பில் 'எல்' ஒட்டிய கார்கள் தெருவிலிருந்து மறைந்தன. எட்டுப் போட்டுக் காட்டித் தோற்றுப்போன கதைகள் கல்யாண வீட்டுச் சிரிப்புக்கு மட்டும் பயன்பட்டன. விபத்துகள் குறைந்ததும் உண்மை. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், சாலையைப் பற்றி மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அதோடு நின்றுபோனது. சொல்லும்படி யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அன்று முதல் மங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரணை முடியும்வரை பட்டையையும் லைசன்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேன் சாவி வேறு ஓட்டுநரிடம் போனது. சோறு வடிக்கும்போது வலது காலைப் பார்ப்பாள். வாசல் நிழலிலிருந்து வெயிலுக்கு இறங்கும்போது கால் தயங்குகிறதா என்று கவனிப்பாள். சொல்லாமல் வந்து தங்கிவிட்ட விருந்தாளியைப் போல் அது அவளோடு நடந்தது.

திருச்சியில் இருந்த 'இயல்பு' அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நஸ்ரின் என்ற இளம் பொறியாளர் எதிரே உட்கார்ந்தாள். நல்ல பெண். முதலில் டீ வரவழைத்தாள். அவளுக்கே நாலைந்து நாள் தூக்கம் இல்லை என்று கண்கள் சொல்லின.

"பயப்படாதீங்கக்கா. உங்களுக்கு மட்டும் இல்லை. இதே மாதிரி நிறைய புகார் இருக்கு. எல்லாமே உச்சிவெயில்ல, எல்லாமே மரநிழல் முடியற இடத்துல. மேகம் போட்டிருந்தா வராது. நாங்க இதுக்கு நிழல் கோளாறுன்னே பேர் வெச்சிருக்கோம்."

"எதனால வருது?"

"பழக்கத்தைக் கொடுத்தவருக்குக் கண் கூச்சம் இருந்திருக்கலாம்னு எங்க டாக்டருங்க சொல்றாங்க. வெளிச்சம் அடிச்சதும் காலைத் தூக்கியிருப்பார்."

"அவரையே கேட்டா என்னங்க மேடம்?"

"தவறிட்டார். இருந்தப்ப யாரும் கேக்கலை. கைகால் பழக்கத்தை மட்டும்தான் எடுத்தாங்க."

"அப்ப, ஏன் அப்படிச் செஞ்சார்ங்கிறது பதிவுல இருக்காதா?"

"எப்படிங்கிறது இருக்கும். ஏன்ங்கிறது பதியாதுக்கா." நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இது உங்க கால். இங்க பாருங்க, முதல்ல மெல்லத்தான் தளர்ந்திருக்கு. அடுத்து நீங்களா ஆக்சிலேட்டரைத் திரும்ப அழுத்தியிருக்கீங்க. அதுக்கப்புறம்தான் ஓங்கி பிரேக்குக்குப் போயிருக்கு."

"ரோடு காலியா கிடந்துச்சு. அடுத்த நோயாளிங்களை ஏத்த நேரமாச்சேன்னு..."

"யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. அதை நீங்க சொல்லவேண்டியதில்லை. சாலை காலியா இருந்தது, காரணமே இல்லாம கால் மிதிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க. தப்பு எங்க மேல வந்துடும், உங்க லைசன்ஸ் திரும்பக் கிடைச்சுடும். விசாரணைக் குழு ஒத்துக்கிட்டா இந்தக் கோளாறையே பதிவிலிருந்து அழிச்சுடுவோம். உங்க வாக்குமூலம்தான் பாக்கி."

"இல்லேன்னா?"

"உங்க மேல வரும். அடிபட்டவருக்கு வண்டி இன்சூரன்ஸ் கொடுத்துடும், அவருக்கு ஒண்ணும் குறையாது. ஆனா உங்களுக்குப் பட்டை கிடைக்காது."

மங்கையின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான். சாலை காலியாக இருந்ததும் பொய் இல்லை. அவள் மைக்கின் முன் குனிந்து, சொல்லச் சொன்னதைச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பொய் சொல்லாமலேயே ஒரு மனிதருக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது. யாருக்கு என்றுதான் விளங்கவில்லை. தஞ்சாவூரில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அடிபட்டவர் பெயர் அடைக்கலம். தொடையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி ஜெசிந்தா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மங்கையைக் கண்டதும் முகம் கடுத்தது.

"வந்துட்டாங்க பாருங்க, பிரேக் மகராசி."

"விடு ஜெசி. அது தூக்கிட்டு வரலைன்னா நான் இந்நேரம் போட்டோவுல தொங்குவேன்."

"அது பிரேக் போடலைன்னா நீங்க நாளைக்கு வேளாங்கண்ணிக்கு நடந்துக்கிட்டு இருப்பீங்க!" என்று ஜெசிந்தா வெடித்தாள். பிறகு குரல் உடைந்தது. மகளுக்கு ஐந்து வயதுவரை பேச்சு வரவில்லை. வந்தால் வருஷா வருஷம் வெறுங்காலோடு நடந்து வருவதாக அடைக்கலம் மாதாவிடம் வேண்டிக்கொண்டார். பேச்சு வந்தது. அவரும் ஒரு வருஷம் தவறியதில்லை. நாளைக் காலை ஊர்க்காரர்கள் கிளம்புகிறார்கள். ஜெசிந்தாவாவது போகலாம் என்றால் இவரை விட்டுப் போக ஆளில்லை.

"அண்ணனுக்குப் பதிலா நான் நடக்கட்டுமா?"

ஜெசிந்தா பழத்தைக் கீழே வைத்தாள். "நீங்க எந்த சாமி கும்புடுறவங்க?"

"மாரியம்மன். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

அடைக்கலம் சிரித்தார். சிரித்ததில் தொடை வலித்து முகம் சுளித்தார். "செருப்பு கூடாது, பரவாயில்லையா? பாதம் பழுத்துடும் தங்கச்சி."

"பழுக்கட்டுங்கண்ணே."

ஜெசிந்தா எழுந்து, உரித்து வைத்த சுளைகளை அப்படியே அவள் கையில் திணித்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாத மூஞ்சி."

மறுநாள் விடியும் முன்பே காவி உடுத்திய கூட்டத்தோடு மங்கை நடக்கத் தொடங்கினாள். மூன்று சக்கர வண்டியில் சிறு தேர், அதன் மேல் மாதா, கீழே ஒலிபெருக்கி. காலையில் தார் குளிர்ந்திருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள். வெயில் ஏறியதும் அவள் இடது குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. உச்சிக்குள் அடுத்த சத்திரத்துக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று கூட்டம் வேகம் பிடித்தது. "நீங்க போங்க, நான் மெல்ல வந்துடறேன்" என்றாள். பாட்டுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது.

புளியமர நிழலில் அவள் தனியாக நடந்தாள். தலையில் ஈரத் துண்டு. தெரிந்த சாலைதான். ஆனால், சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்த சாலைக்கும் பாதத்துக்குக் கீழே கிடக்கும் சாலைக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நிழல் முடிந்தது. வெயிலில் முதல் அடி வைத்ததும் உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது. ஓரத்து மண்ணில் இறங்கினாள். கருவேல முள். சாலையோர வெள்ளைக் கோட்டை மணல் மூடியிருந்தது. சாலை நடுவில் மட்டும் வெள்ளைக் கோடுகள் வரிசையாகப் பளிச்சென்று தெரிந்தன.

யாரும் சொல்லவில்லை, பாதமே அங்கே தாவிப் போனது. வெள்ளைப் பூச்சில் சூடு பாதிகூட இல்லை. அவள் ஒரு கோட்டில் நின்று மூச்சுவிட்டு, அடுத்த கோட்டுக்கு எட்டிப் பாய்ந்தாள். பிறகு அதற்கடுத்தது. தான் நடுச்சாலையில் இருக்கிறோம் என்பதே அவள் மனத்தில் இல்லை. அடுத்த வெள்ளை எங்கே என்பது ஒன்றுதான் இருந்தது.

"யக்கோவ்! நடுரோட்டுல பாண்டியா ஆடுற?"

திரும்பினாள். அவளுக்குப் பின்னால், நிழல் முடியும் இடத்தில், காய்கறிக் கூடைகள் அடுக்கிய சிறு சரக்கு வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் வந்து நின்றிருந்தது. ஓட்டிவந்தவன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். கழுத்தில் பட்டை இருந்தது. பெயர் முகுந்தன் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.

"எனக்கு நீ கண்ணுலயே படலை. நிழல்லேருந்து வெளிய வந்தா ஒரு நொடி எல்லாம் வெள்ளையா போயிருது. நல்லவேளை, இந்தப் பாழாப்போன கால் இங்க வந்தா தானா தளந்துக்கும். நாளையிலேருந்து அதுவும் கிடையாதாம். ராத்திரி எதையோ அழிக்கப் போறாங்களாம்."

மங்கை தன் பாதங்களைப் பார்த்தாள். அவை நின்ற கோட்டைப் பார்த்தாள். வண்டியின் மூக்கு நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் கீழ இறங்கு. செருப்பைக் கழட்டிட்டு இறங்கு."

"எதுக்கு?"

"இறங்கேன்."

அவன் சலித்துக்கொண்டே ஒரு காலைத் தாரில் வைத்தான். "ஆத்தாடி!" என்று அலறி, மறு அடியை எங்கே வைப்பது என்று தேடாமலேயே வெள்ளைக் கோட்டுக்குத் தாவினான். இரண்டு பேரும் ஒரே கோட்டில் ஒட்டி நின்றார்கள்.

"இப்ப நீ எங்க நிக்கிற?"

அவன் கீழே பார்த்தான். நிழலைத் திரும்பிப் பார்த்தான். வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப அந்தக் கால்..."

"நமக்குக் கோளாறு இல்லை தம்பி. வெறுங்காலோட இங்க ஒருத்தர் நிப்பாங்கன்னு, பழக்கத்தைக் கொடுத்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மகிட்ட யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா நான் திரும்ப அழுத்தியிருக்கமாட்டேன்."

அவர்கள் நிழலுக்கு ஓடினார்கள். மங்கை பையிலிருந்து போனை எடுத்து நஸ்ரினைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேடம்?"

"இருக்கேன்க்கா. மேகம் போட்டா ஏன் வரலைன்னு இப்பதான் புரியுது." குரல் தாழ்ந்தது. "ஆனா உங்க வாக்குமூலத்தை வெச்சுத்தான் குழு காலையில ஒத்துக்கிட்டாங்க."

"அதைத் திருப்பி வாங்கிக்கிறேன். கால் மெல்லத்தான் தளர்ந்துச்சு, நான்தான் மல்லுக்கட்டினேன். அப்படியே எழுதிக்குங்க."

"லைசன்ஸ் போயிடும். உங்களுக்குச் சோறு போடறது அதுதானே?"

"சோறுதான் மேடம். அதுக்காக இங்க நிக்கிறவங்களை நான் எப்படி... ராத்திரிக்குள்ள நிறுத்த முடியுமா?"

"கையெழுத்துப் போடற இடத்துல நான் இல்லைக்கா. எல்லார் கதவையும் தட்டறேன்."

முகுந்தன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பாதங்களில் ஊற்றினான். வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னான். வேண்டுதல் என்றாள். அதற்கு மேல் அவன் வற்புறுத்தவில்லை. விளக்குகளை மின்னவிட்டபடி, அடுத்த மரநிழல் வரும்வரை அவளுக்குப் பின்னால் நடைவேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் கையை நீட்டி, பொறுங்கள் என்று காட்டினான். பிறகு காய் வாடிவிடும் என்று சொல்லி, மனமில்லாமல் போனான்.

மறுநாள் உச்சியில் கூட்டம் திருவாரூரைத் தாண்டியிருந்தது. நஸ்ரினிடமிருந்து தகவல் இல்லை. மங்கை நொடிக்கொரு தரம் போனைப் பார்த்தாள். ஒவ்வொரு மரவரிசை முடியும் இடத்திலும் ஓடிப்போய் நின்றுகொண்டு, பின்தங்கி வருபவர்களைக் பத்திரமாகக் கடக்கவைத்த பிறகே நகர்ந்தாள். "ஏன்டியம்மா ரயில்வே கேட்டு மாதிரி நிக்கிற?" என்று ஒரு கிழவர்கூடக் கேலி செய்தார். அந்தக் கிழவரும், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்ணும் வெள்ளைக் கோட்டுக்கு ஏறிய நேரத்தில்தான் போன் அடித்தது.

"அக்கா, மன்னிச்சுடுங்க. நேத்து ராத்திரியே அழிச்சுட்டாங்க. உங்க வாபஸை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, தப்பு உங்க மேலன்னு எழுத. அது ஏன் இருந்ததுன்னு நான் எழுதினதை யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. இப்ப யார் காலும் தளராது. ரோட்டுல இருக்கீங்கன்னா தயவுசெஞ்சு ஓரமா..."

நிழலுக்குள் ஒரு கார் வேகமாக வந்துகொண்டிருந்தது.

மங்கை போனைக் கையில் பிடித்தபடியே துண்டை வீசிக்கொண்டு நடுச்சாலைக்கு ஓடினாள். "மாதாவே, ஆத்தா" என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். அவள் அங்கே போய்ச் சேருமுன் காரின் மூக்கு தாழ்ந்தது. வேகம் தளர்ந்தது, இன்னும் தளர்ந்தது. நிழலுக்குள்ளேயே, வெயில் தொடங்குவதற்கு ஓர் ஆள் நீளம் முன்னால், கார் அமைதியாக நின்றது.

கிழவர் ஒன்றும் தெரியாமல் அடுத்த கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா? என்ன ஆச்சு? அக்கா!" என்று போன் கத்தியது.

"ஒரு கார் நின்னுருக்கு."

"எப்படி நிக்கும்? அழிச்சாச்சே!"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கார்க் கண்ணாடி இறங்கியது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். கழுத்தில் பட்டை.

"அம்மா, இங்க ஏன் நிறுத்தினீங்க? கால் தானா தளர்ந்துச்சா?"

"இல்லையே. காலையிலேருந்து அது கம்முனு கிடக்கு." அந்தப் பெண் வெயிலில் வெளுத்திருந்த சாலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "திருவாரூர்ல டீ குடிக்க நிறுத்தினேன். காய்கறி வண்டிக்காரர் ஒருத்தர் வர்றவங்க போறவங்களை எல்லாம் செருப்பைக் கழட்டி ரோட்டுல நிக்கச் சொல்லிட்டிருந்தார். ஏதோ சண்டைன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் நானும் நின்னு பார்த்தேன்." தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள், அப்போதுதான் கிடைத்த பொருளைப் பார்ப்பதுபோல். "இங்க நானாத்தாங்க காலை எடுத்தேன்."

மங்கை போனை அந்தப் பெண்ணின் பக்கமாக நீட்டினாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா," என்றாள். "இங்க ஒருத்தங்க கேக்கணும்."